பொருள் வந்த வீடும் பொருளற்ற சொல்லும்
விவேக் ஷான்பாக்கின் ‘காச்சர் கோச்சர்’ – ஒரு மொழியியல் நோக்கு

1. பழமொழியின் முன்முடிவு

“அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்” என்பது தமிழில் பரவலாக வழங்கும் பழமொழி. கன்னடத்தில் இது “அல்பனிகெ ஐஸ்வர்ய பந்தரெ அர்தராத்ரியல்லி கொடெ ஹிடித” என வழங்குகிறது. தெலுங்கு வழக்கில் அற்பன் தானே குடை பிடிப்பதில்லை. நள்ளிரவில் தனக்குக் குடை பிடிக்குமாறு பிறரைப் பணிக்கிறான். மூன்று மொழிகளும் ஒரே நகைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. எனினும் சொல்தேர்வில் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. கன்னடமும் தெலுங்கும் ‘ஐசுவரியம்’ என்று கூறுமிடத்தில் தமிழ் ‘வாழ்வு’ என்று கூறுகிறது.

தமிழில் ‘வாழ்வு’ என்னும் சொல் உயிர்வாழ்தலையும் செல்வநிலையையும் ஒருசேரக் குறிக்கும். செல்வம் இழந்த குடும்பத்தை ‘வாழ்ந்து கெட்ட குடும்பம்’ என்பது உலக வழக்கு. ‘பொருள்’ என்னும் சொல்லும் இத்தகையதே. செல்வம், சொல்லின் கருத்து, செயலின் குறிக்கோள் ஆகிய மூன்றையும் அது சுட்டும். வடமொழியின் ‘அர்த்த’ என்னும் சொல்லுக்கும் இம்மூன்று பொருளும் உண்டு. ஆயினும் இன்றைய கன்னடப் பேச்சில் ‘அர்த’ என்பது பெரும்பாலும் சொற்பொருளையே உணர்த்துகிறது. செல்வம் என்னும் பொருள் ‘அர்தசாஸ்த்ர’ முதலிய தொகைச்சொற்களில் எஞ்சி நிற்கிறது. திடீரென வரும் பெருஞ்செல்வம் மகிழ்ச்சியையும் வாழ்க்கைக்கு ஒரு நோக்கத்தையும் தருமா என்னும் வினாவைத் தமிழில் எழுப்புபவர், விடையின் ஒரு பகுதியைத் தம் சொற்களிலேயே முன்கூட்டி ஏற்றுக்கொண்டவராகிறார். செல்வம் வருவதையே வாழ்வு வருவதாக அவர் மொழி கொண்டிருக்கிறது.

பழமொழியின் தொடரமைப்பும் ஒரு முன்முடிவைத் தாங்கியுள்ளது. செல்வம் ‘வருகிறது’, அதனைப் பெறுபவன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான், அவன் பெறுவதற்கு முன்னரே அற்பன். வந்த செல்வத்தால் விளையும் கேட்டுக்குக் காரணம் பெறுபவனின் சிறுமை என்பது பழமொழியின் தீர்ப்பு. இத்தீர்ப்பில் பழஞ்செல்வரின் ஏளனம் கலந்திருப்பதை மறுத்தற்கில்லை. தலைமுறைகளாகக் குடை பிடித்து வந்தோரை நோக்கி இப்பழமொழி சொல்லப்படுவதில்லை.

இத்தீர்ப்பை ஏற்காமல் அதே வினாவை மீண்டும் எழுப்பும் படைப்பு, விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதி 2013இல் வெளிவந்த ‘காச்சர் கோச்சர்’ என்னும் குறுநாவல். ஸ்ரீநாத் பேரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வெளிவந்தது. கே. நல்லதம்பியின் மொழிபெயர்ப்பில் இது தமிழுக்கும் வந்துள்ளது. இந்நூல் பணத்தைப் பற்றியது என்று திறனாய்வாளர் பலரும் கூறுவர். அது பணம் வந்த வீட்டின் மொழியைப் பற்றியதும் ஆகும் என்பதையும், அம்மொழியை நுணுகி நோக்கினால் மேற்கூறிய வினாவுக்குப் பழமொழி தராத ஒரு விடை கிடைக்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. கதையின் அமைப்பு

பெங்களூரில் வாழும் நடுத்தரக் குடும்பம் ஒன்று. தந்தை தேயிலை நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர். ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த சிறு அறைகள் கொண்ட வீட்டில் தந்தை, தாய், மகன், மகள், தந்தையின் தம்பி ஆகிய ஐவரும் வாழ்கின்றனர். தந்தையின் வேலை போகிறது. அவருக்குக் கிடைத்த தொகை, தம்பி தொடங்கும் ‘சோனா மசாலா’ என்னும் வாசனைப்பொருள் வணிகத்தில் முதலாகிறது. கேரளத்திலிருந்து மொத்தமாக வாங்கிச் சிறு பொட்டலங்களாக்கி விற்கும் அவ்வணிகம் விரைவில் செழிக்கிறது. குடும்பம் பெரிய வீட்டுக்குக் குடிபெயர்கிறது.

மகனே கதைசொல்லி. அவனுக்குக் கதையில் பெயரில்லை. நிறுவனத்தில் அவனுக்கு இயக்குநர் பதவியும் மாதச் சம்பளமும் உண்டு, வேலை இல்லை. ‘காபி ஹவுஸ்’ என்னும் சிற்றுண்டிச்சாலையில் பொழுதைக் கழிக்கிறான். அங்குப் பரிமாறும் வின்சென்ட் சுருக்கமாகப் பேசும் சொற்களில் ஆழ்ந்த கருத்து இருப்பதாக நம்புகிறான். அவன் மனைவி அனிதா ஐதராபாதிலிருந்து வந்தவள். கல்லூரி ஆசிரியர் ஒருவரின் மகள். கணவனுக்கு வேலை இல்லை என்பதை அறிந்த நாள்முதல் அவளுக்கும் அவ்வீட்டுக்கும் இடையே விரிசல் தோன்றுகிறது. கதையின் முடிவில் பிறந்தகம் சென்ற அவள் திரும்பி வந்தாளில்லை. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆசிரியர் கூறவில்லை. வாசகர் ஐயுறுவதற்கு வேண்டிய அனைத்தும் குடும்பத்தினரின் உரையாடலில் சிதறிக் கிடக்கின்றன.

இவ்வளவு சிறிய கதையில் திடீர்ச் செல்வத்தின் வழக்கமான காட்சிகளுக்கு ஆசிரியர் தரும் இடம் மிகக் குறைவு. புதுவீட்டுக்கு வாங்கிக் குவித்த அறைகலன்கள், மகளின் ஆடம்பரத் திருமணம் முதலியன உண்டு. நள்ளிரவுக் குடை என்று அவற்றைக் கூறிவிடலாம். ஆனால் கதையின் பளு அவற்றில் இல்லை; செல்வத்தைப் பற்றி அக்குடும்பம் எவ்வாறு பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்பதில் உள்ளது.

3. வந்த பணமும் ஈட்டிய பணமும்

அனுபவிப்போன் அல்லது பெறுவோன் நான்காம் வேற்றுமை ஏற்று எழுவாய்க்குரிய இடத்தில் நிற்பது இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான கூறு. மணீந்திர வர்மாவும் கே. பி. மோகனனும் பதிப்பித்து 1990இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதி, தெற்காசிய மொழிகளில் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்தது. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ என்பன போன்றே ‘எனக்குப் பணம் வந்தது’ என்பதும் அமைகிறது. கன்னடத்தில் ‘நனகெ ஹண பந்து’ என்பர். இவ்வாக்கியத்தில் வினை செய்வது பணம். மனிதன் அது வந்து சேரும் இடம் மட்டுமே.

உடைமையைக் கூறும் தொடர்களும் இங்குக் கருதத்தக்கன. தமிழில் கைப்பணத்தை ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்கிறோம். பிள்ளைகளையும் நிலத்தையும் ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’, ‘எனக்கு நிலம் இருக்கிறது’ என்கிறோம். கன்னடம் பணத்தை ‘நன்ன ஹத்திர துட்டு இதெ’ என்று கூறும். ‘என் அருகில் பணம் உள்ளது’ என்பது அதன் நேர்ப்பொருள். இந்தியும் ‘மேரே பாஸ் பைசா ஹை’ என்று பணத்தை அருகிலேயே வைக்கும். உறவையும் நிலைத்த உடைமையையும் ஒருவகையாகவும், கையில் வந்து போகும் பணத்தை மற்றொரு வகையாகவும் இம்மொழிகள் பாகுபடுத்துகின்றன. ஆங்கிலத்தில் பணம், பிள்ளை, நிலம் மூன்றையும் ஒரே வினைச்சொல் உடைமையாக்கிவிடுகிறது. அங்கு மனிதனே எழுவாய்.

இப்பாகுபாடு குறுநாவலின் உள்ளடக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது. பழைய வீட்டில் பணம் ஒவ்வொரு நாளும் கணக்கிடப்பட்டது. தந்தை வசூலித்து வந்த தொகையை மாலையில் எண்ணிச் சரிபார்ப்பார். கணக்கு ஒத்துவராத நாளில் வீடு முழுவதும் கலங்கும். அப்பணம் அவர்களுடையதன்று, நிறுவனத்தினுடையது. ஆயினும் அதற்கு அவர்கள் பொறுப்பாளிகள். புதுவீட்டில் பணம் அவர்களுடையது. அதன் வரவு செலவைப் பற்றி ஒருவர்க்கொருவர் கலந்து பேசும் தேவை ஒழிந்தது. உடைமை கூடப் பொறுப்பு குறைந்தது என்பது வெளிப்படை. பழைய வீட்டின் பண வாக்கியங்களில் ‘எண்ணினார்’, ‘கொடுத்தார்’, ‘மிச்சம் பிடித்தாள்’ என ஆட்களே வினைமுதலாக இருந்தனர். புதுவீட்டில் பணம் ‘வருகிறது’.

பணம் மனிதரை ஆள்கிறது என்னும் பொதுக்கருத்தைக் கதைசொல்லியும் ஏற்றுக்கொள்கிறான். இந்நூலைப் போற்றும் வாசகர் பலர் இதனையே கதையின் சாரமாகக் கொள்வர். அவ்வாறு கொள்வது பிழை என்பதற்கு நூலிலேயே சான்று உண்டு. இக்கருத்தைக் கூறுபவன் யார் என்பதை மறத்தலாகாது. உழைக்காமல் சம்பளம் பெறுபவன், தன் கண்முன் நிகழ்ந்த கொடுமையைத் தடுக்காதவன், மனைவி திரும்பாதபோதும் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்திருப்பவன் அவன். பணத்தை வினைமுதலாக்கும் வாக்கியம் அவனுக்கு வசதியானது. அவ்வாக்கியத்தில் அவனுக்குரிய இடம் நான்காம் வேற்றுமை. பழமொழி குற்றத்தைப் பெறுபவனின் பிறவிச் சிறுமையில் ஏற்றியது. கதைசொல்லி அதனைப் பணத்தின்மீது ஏற்றுகிறான். இரண்டிலும் ஒருவர் செய்ததும் செய்யத் தவறியதும் கணக்கில் வருவதில்லை.

அனிதா எழுப்பும் எதிர்ப்பை இப்பின்னணியில் காணல் வேண்டும். சித்தப்பனின் சம்பாத்தியத்தில் வாழ்வது அவளுக்கு உடன்பாடில்லை. கணவன் தானே ஈட்ட வேண்டும் என்பது அவள் விருப்பம். வசதிகளை அவள் வெறுத்தாள் என்று கூறுவதற்கில்லை. ‘நான்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைக் கணவனிடமிருந்து அவள் எதிர்பார்த்தாள் எனலாம். இவ்விடத்தில் கன்னடத்தின் ஒரு வினைச்சொல்லை மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்தில் ‘துடி’ என்று மட்டுமே எழுத இயலும் அச்சொல், ஒலியில் தமிழ்த் ‘துடி’யினின்றும் வேறு, பொருளிலும் வேறு. பாடுபட்டு உழைத்தலையும் அதனால் ஈட்டுதலையும் அது ஒருங்கே உணர்த்தும். தமிழில் ‘உழை’, ‘சம்பாதி’ என்பன தனித்தனிச் சொற்கள்; உழைக்காமல் சம்பாதிப்பதையும் சம்பாதிக்காமல் உழைப்பதையும் தமிழ் எளிதில் கூறிவிடும். இக்கதைப்பொருளைத் தமிழில் தருவோர் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு பாதி விடுபடும். ‘பாடுபட்டுச் சம்பாதி’ என இரண்டையும் இணைப்பது ஓரளவு ஈடுசெய்யும்.

பணத்தைக் குறிக்கும் சொற்களிலும் கவனம் தேவை. கன்னடத்தில் ‘துட்டு’ அன்றாடப் பேச்சின் இயல்பான சொல். தமிழில் அதே வடிவம் கொச்சைத் தன்மையும் விளையாட்டுத் தன்மையும் உடையது. உருவ ஒற்றுமையை நம்பி அதனை அப்படியே எடுத்துக்கொண்டால், நடுத்தரக் குடும்பத்தின் பேச்சு தெருப்பேச்சாக ஒலிக்கும். ‘பணம்’ என்பதே பொருத்தமானது.

4. சிறிய தகப்பனும் பெரிய வீடும்

கதையில் சிற்றப்பனின் பெயர் வெங்கடாசலம். வீட்டார்க்கு அவர் ‘சிக்கப்பா’. கன்னடத்தில் ‘சிக்க’ என்பது ‘சிறிய’ என்னும் பொருளில் இன்றும் வழங்கும் பெயரடை. எனவே ‘சிக்கப்பா’ என்னும் உறவுச்சொல்லில் ‘சிறிய அப்பா’ என்பது ஒவ்வொரு முறையும் காதில் விழுகிறது. அவரே குடும்பத்துக்கு உணவளிப்பவர். அவரது உணவு, ஓய்வு, விருப்பம் ஆகியவற்றைச் சுற்றியே வீடு இயங்குகிறது. ‘அப்பா’ என்று அழைக்கப்படும் மூத்தவர் ஒதுங்கி நிற்கிறார். உறவுச்சொல் கூறும் அளவும் வீட்டின் உண்மை அளவும் தலைகீழாகிவிட்டன என்பதை ஆசிரியர் எவ்விடத்தும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. அழைப்பே அதனைக் கூறிவிடுகிறது.

ஆங்கில மொழிபெயர்ப்பு ‘சிக்கப்பா’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டது. உறவுமுறையைக் காத்தது என்ற அளவில் அது சிறந்த முடிவு. ஆயினும் கன்னடம் அறியாத வாசகர்க்கு அது இயற்பெயர் போலவே படும். ‘சிறிய’ என்னும் பொருள் ஒலிக்காது. தமிழில் ‘சித்தப்பா’ என்பது தானே வந்து அமையும். ‘சிறு’ என்னும் அடியிலிருந்து ‘சிற்றப்பா’ எனவும் பின்னர்ச் ‘சித்தப்பா’ எனவும் திரிந்த இச்சொல்லில் சிறுமைப் பொருள் மங்கிவிட்டது. மொழிகள் எவ்வளவு நெருங்கியவையாயினும் சொல்லின் உட்பொருள் ஒன்றில் விளங்கியும் மற்றொன்றில் மறைந்தும் நிற்கலாம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மூத்தவரின் நிலை மேலும் நுட்பமானது. நிறுவனத்தில் அவருக்கும் உரிமை உண்டு. அவர் உயில் எழுதாமல் இருப்பதும், சொத்தை அறக்கொடையாக அளித்துவிடக்கூடும் என்பதும் மற்றவர்க்கு உள்ளூர அச்சம் தருவன. தாம் உழைத்து ஈட்டாத செல்வத்தை ஐயத்துடன் நோக்குபவர் அவ்வீட்டில் அனிதாவை அன்றி அவர் ஒருவரே. அவர் மௌனத்தையும் அவள் பேச்சையும் ஒரே குற்றமாக வீடு காண்கிறது.

5. ஒரு சொல்லின் பிறப்பு

‘காச்சர் கோச்சர்’ எந்த மொழியின் அகராதியிலும் இல்லாத தொடர். சிறுவயதில் பட்டத்தின் நூல் சிக்கலானபோது அனிதாவும் அவள் தம்பியும் உண்டாக்கிக்கொண்டது. அவள் பிறந்த வீட்டில் மட்டும் வழங்கியது. உதகமண்டலத்தில் தேனிலவின்போது பாவாடை நாடா முடிச்சு விழுந்து அவிழாதபோது அவள் வாயிலிருந்து அது தானாக வெளிப்படுகிறது, கணவன் பொருள் கேட்கிறான், அவள் கூறுகிறாள். பிறர் அறியாத சொல்லை ஒருவருக்குத் தருவது குடும்பத்தில் சேர்த்துக்கொள்வதற்கு ஒப்பாகும். அனிதா அவ்வீட்டுக்குக் கொண்டுவந்த சீதனம் என்று ஒன்றைச் சொல்வதாயின் இச்சொல்லையே சொல்ல வேண்டும்.

இதன் வடிவம் இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒரு வார்ப்பில் அமைந்தது. இரட்டித்து நின்று, பிரித்தால் பொருள் தராத சொற்களைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இரட்டைக்கிளவி என வகுத்தது. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியல் பரப்பாகக் காட்டிய கட்டுரையில் எதிரொலிச் சொற்களையும் பொதுக்கூறாகச் சுட்டினார். 1969இல் இப்பரப்பின் ஒலிக்குறிப்புச் சொற்களைத் தனியே ஆராய்ந்தார். ‘புலி கிலி’ என்று தமிழரும் ‘ஹுலி கிலி’ என்று கன்னடரும் கூறுவது நாம் அறிந்ததே. எனவே இந்திய மொழி எதனையும் பேசும் வாசகர்க்கு ‘காச்சர் கோச்சர்’ கேட்டவுடன் இது குழப்பத்தைக் குறிக்கும் என்று தோன்றும். புதுச்சொல்லாயினும் அதன் இலக்கணம் பழையது.

அதே வேளையில் இச்சொல் கன்னட வாசகர்க்கும் சற்று அயலானது. மூலத்தில் இரு பகுதிகளும் ஒலிப்புடைய மூச்சொலியில் தொடங்குகின்றன. கன்னடத்தின் இயற்சொற்களில் மூச்சொலி அரிது. அது பெரும்பாலும் வடமொழி, இந்தி முதலியவற்றிலிருந்து வந்த சொற்களுக்குரியது. ஆகவே நெருக்கமும் அயன்மையும் ஒரே ஒலிவடிவில் கலந்து நிற்கின்றன. தமிழ் எழுத்தில் இதனைத் தருவது எளிதன்று. மூச்சொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. ஒலிப்புடைமையையும் எழுத்து காட்டாது. ‘காந்தி’ என்பதைத் தமிழர் ஒலிப்புடன் படிப்பது முன்னறிவால். யாரோ புதிதாகப் படைத்த சொல்லுக்கு அம்முன்னறிவு இருக்க இயலாது. இடையில் வரும் சகரத்தை ஒற்றையாக எழுதினால் அது உரசொலியாகிவிடும். இரட்டித்து எழுதினால் மூலத்தில் இல்லாத அழுத்தம் சேரும். இரட்டித்தலே குறைந்த இழப்புடையது. அவ்வாறு எழுதிய ‘காச்சர் கோச்சர்’ தமிழ்ப் பேச்சின் ‘காச்சல்’, ‘கோச்சுக்கிறது’ ஆகியவற்றைத் தொலைவில் நினைவூட்டுவது எதிர்பாராத வரவு. காய்ச்சலும் கோபமும் அக்கதையில் பொருந்தாதவை அல்ல.

இச்சொல்லைச் ‘சிக்கல்’ என்றோ ‘தாறுமாறு’ என்றோ தமிழாக்கிவிடலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். அவை எல்லார்க்கும் உரிய சொற்கள். ஒரு சிறுமியும் சிறுவனும் படைத்து, ஒரு மனைவி ஒரு கணவனுக்கு மட்டும் தந்தது என்னும் செய்தி அவற்றில் இராது. ஆங்கிலத்தில் நேரும் இடர் வேறு வகையானது. அங்கு இச்சொல் அப்படியே நிற்பினும், கதையின் உள்ளே விளக்கம் வரும்வரை, வாசகர் இதனை மற்றொரு கன்னடச் சொல் என்றே எண்ணுவார்.

ஒலிக்குறிப்புச் சொற்கள் திராவிட மொழிகளில் ‘என்’, ‘ஆகு’ முதலிய வினைகளின் துணையோடு வாக்கியத்தில் இயங்கும். சிக்கலைக் குறிக்கும் சொல் ‘ஆகு’ என்பதனோடு சேரும்போது யார் சிக்கலாக்கினார் என்பது வெளிப்படாது. பட்டத்து நூலை யார் சிக்கலாக்கினார் என்று குழந்தைகளைக் கேட்பாரில்லை, சிரித்துக்கொண்டே அவிழ்ப்பர். நாடா முடிச்சிலும் அச்சிரிப்பு தொடர்ந்தது. கதையின் முடிவில் அச்சொல் அக்குடும்பம் முழுவதற்கும் பொருந்தி நிற்பதை வாசகர் உணரும்போது சிரிப்பு மறைந்திருக்கும். அங்கு யார் செய்தார் என்னும் வினாவே தலையாயது. உடைந்த கண்ணாடியால் இரத்தம் கசியும் கதைசொல்லியின் கையை வின்சென்ட் சுட்டிக்காட்டுவதோடு நூல் முடிகிறது. பெறுபவனாகவே பேசி வந்தவனின் கையில் இரத்தம் இருக்கிறது.

6. நோக்கம் என்ன ஆயிற்று?

செல்வம் அக்குடும்பத்துக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று கூறினால் அது உண்மையாகாது. நெருக்கடியான வீடும் மாதக் கடைசியின் அச்சமும் நீங்கின. வறுமையே நல்லொழுக்கத்தின் நிலைக்களம் என்று இந்நூல் கூறுவதாகக் கொள்ளவும் இடமில்லை. பழைய வீட்டில் எறும்புகள் மொய்த்தன; அவற்றைத் தாயும் மகளும் தேடித் தேடி நசுக்கினர்; அதில் ஒருவகை இன்பமும் அடைந்தனர். பிற்காலக் கொடுமையின் வித்து செல்வத்துக்கு முன்னரே அவ்வீட்டில் இருந்தது. செல்வம் அதற்கு வாய்ப்பும் பாதுகாப்பும் தந்தது.

செல்வம் வந்தபின் அக்குடும்பத்துக்கு நோக்கம் அற்றுப்போயிற்று என்று கூறுவதும் பொருந்தாது. முன்பு ஒவ்வொருவர்க்கும் சிறுசிறு நோக்கங்கள் இருந்தன: கணக்கு ஒத்துவர வேண்டும், செலவு கட்டுக்குள் நிற்க வேண்டும், அடுத்த மாதம் வந்து சேர வேண்டும். அவற்றில் அனைவர்க்கும் பங்கு இருந்தது. செல்வம் வந்தபின் அவை அனைத்தும் ஒரே நோக்கமாகச் சுருங்கின. வந்த செல்வம் போய்விடக்கூடாது என்பதே அது. ஊற்றுக்கண் சிற்றப்பனாதலால் அவரைப் பிறர் அணுகாமல் காப்பது குடும்பத்தின் ஒரே கடமையாயிற்று.

அவரைத் தேடி ஒரு பெண் மைசூர்ப் பருப்புக் குழம்பு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரும் நிகழ்ச்சியே கதையின் மையம். தாயும் மகளும் அவளை இழிசொற்களால் வைது விரட்டுகின்றனர். கொண்டுவந்த உணவு தரையில் சிந்துகிறது. உள்ளே இருக்கும் சிற்றப்பன் வெளியே வரவில்லை. கதைசொல்லி தடுக்கவில்லை. அனிதா ஒருத்தியே அதனைத் தவறென்று சொல்கிறாள். பணத்தைப் பற்றி ‘வருகிறது’ என்று மட்டும் பேசிப் பழகிய குடும்பம், அதனைக் காக்கும் வேளையில் வசையும் ஏவலுமாகிய செய்வினைக்கு எவ்வளவு எளிதில் மாறுகிறது என்பதை இங்குக் காண்கிறோம். இக்காட்சியை மொழிபெயர்ப்போர் வசையை மென்மையாக்கிவிடும் விருப்பத்துக்கு இடம் கொடுத்தல் ஆகாது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்களின் வாயில் அச்சொற்கள் பொருந்தா என்று கருதி நாகரிகமாக்கினால், நூல் கூற வந்தது கூறப்படாமற் போகும். அவர்கள் வாயில் அவை அவ்வளவு தயாராக இருந்தன என்பதே அங்குச் செய்தி.

7. முடிபு

திடீர்ச் செல்வம் மகிழ்ச்சி தருமா என்னும் வினாவுக்குப் பழமொழி, பெறுபவனின் தரத்தைப் பொறுத்தது என்று விடை கூறியது. பணமே எல்லாவற்றையும் செய்கிறது என்பது கதைசொல்லியின் விடை. நூலின் விடை இரண்டினும் வேறானது. பெறுதலும் செய்தலும் ஒருவரிடத்தே பிரிந்துபோகும்போது, எஞ்சும் நோக்கம் காவலாக மட்டுமே இருக்கும். காவலுக்கு எல்லாரும் பகைவராகத் தோன்றுவர், வீட்டுக்கு வந்த மருமகள் உட்பட. இவ்விடை கருத்துரையாக நூலில் எங்கும் இல்லை. வேற்றுமை உருபிலும் உறவுச்சொல்லிலும் ஒரு பொய்ச்சொல்லின் வரலாற்றிலும் அது பொதிந்துள்ளது.

ஆதலின் இத்தகைய நூலை மொழிபெயர்ப்போர் வினைமுதலற்ற வாக்கியங்களைத் தெளிவு கருதிச் செய்வினையாக்குதல் கூடாது. கதைசொல்லி எங்கெங்கு ‘நேர்ந்தது’, ‘ஆயிற்று’, ‘வந்தது’ என்று கூறுகிறானோ அங்கெல்லாம் அவன் ஒளிந்துகொள்கிறான். அவ்விடங்களில் அவனை வெளியே இழுப்பதும் குற்றவாளியாக நிறுத்துவதும் வாசகரின் பணி. அதேபோல், ‘பொருள்’, ‘வாழ்வு’ என்னும் இருபொருட் சொற்கள் தமிழில் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன என்பதற்காக அவற்றைப் பெய்து சொல்விளையாட்டு நிகழ்த்துவதும் வேண்டாதது. மூலம் அமைதியாகச் சொன்னதைத் தமிழ் உரத்துச் சொன்னதாகிவிடும். ‘பணம்’ என்று மூலம் கூறுமிடத்தில் ‘பணம்’ என்றே அமைதல் நன்று.

கன்னடத்திலிருந்து தமிழுக்கு வரும் நூல்கள் உறவுமொழியிலிருந்து வருவதால் எளிதில் பெயர்க்கத்தக்கன என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. தொடரமைப்பு ஒத்துவரும் இடங்களில் அது உண்மை. ஒத்த வடிவங்கள் வேறு தரத்திலும் வேறு பொருளிலும் நிற்கும் இடங்களையும், உட்பொருள் ஒரு மொழியில் விளங்கி மற்றொன்றில் மங்கும் இடங்களையும் தொகுத்து ஆராய்ந்தால், மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் ஒப்பியல் கையேடு ஒன்று உருவாகும். அத்தகைய பணிக்கு இக்குறுநாவலின் மூலமும் ஆங்கில, தமிழ் மொழிபெயர்ப்புகளும் நல்ல தொடக்கமாக அமையும்.